இரண்டு முறை தவறிய பழகுநர் தேர்வு: மூன்றாவது முறைக்கு எப்படிப் படிப்பது?

வாசகி கேட்டது: எனக்கு வயது 44. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. பழகுநர் உரிமத்துக்கான தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன், இரண்டு முறையும் சில மதிப்பெண்களில் போய்விட்டது. கையேட்டை முழுசாகப் பலமுறை படித்திருக்கிறேன். போனில் மாதிரித் தேர்வு போட்டால் கிட்டத்தட்ட எல்லாமே சரியாக வருகிறது. தேர்வு அறையில் உட்கார்ந்தால் மட்டும் கேள்வி வேறு மாதிரி தெரிகிறது, குழம்பிவிடுகிறேன். அடையாளப் பலகைகள் பரவாயில்லை. யார் முதலில் போக வேண்டும், எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்று கேட்டால்தான் தடுமாற்றம். மகன் ஒரே வாரம் படித்து முதல் தடவையே பாஸ் செய்துவிட்டான், "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா" என்கிறான். தெரிந்தவர் ஒருவர், பணம் கொடுத்தால் தேர்வு எழுதாமலே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மனப்பாடம் செய்ய ஏதாவது எளிய வழி இருக்கிறதா? தேர்வுக்கு முன்பே கொஞ்சம் ஓட்டிப் பார்த்தால் உதவுமா?

வணக்கம் சகோதரி.

பணம் கொடுத்து வாங்கும் பேச்சை முதலில் முடித்துவிடலாம். வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். அது குற்றம், மாட்டினால் பிறகு உரிமம் வாங்கவே சிக்கலாகிவிடும், அதெல்லாம் ஒரு பக்கம். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கைப்படி சாலை விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் இறக்கிறார்கள், அதில் பாதிக்கு மேல் நடந்து போகிறவர்களும் சைக்கிள், மோட்டார் சைக்கிளில் போகிறவர்களும்தான். இந்தத் தேர்வில் கேட்பதெல்லாம் பெரும்பாலும் அவர்கள் உயிரோடு வீடு போய்ச் சேர்வது சம்பந்தப்பட்ட விஷயங்கள். இவ்வளவு ஆசையோடு கற்றுக்கொள்ள வந்திருக்கும் நீங்கள் அதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்டியரிங்கைப் பிடிப்பதை நான் விரும்பவில்லை, நீங்களும் விரும்பமாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மகன் சொன்னதை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் என் தொழில். நாற்பது, ஐம்பது வயதில் வருகிறவர்கள் நன்றாகவே ஓட்டுகிறார்கள். சின்ன வயதில் அப்படியே ஒப்பிக்கிற ஞாபகம் கூடுதலாக இருக்கலாம், அதனால் ஒரே வாரத்தில் பாஸ் செய்துவிடலாம். ஆனால் நீங்கள் இத்தனை வருஷம் தெருவைக் கடந்திருக்கிறீர்கள், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திடீர் பிரேக்குக்குத் தூக்கிப்போடப்பட்டிருக்கிறீர்கள், இரவில் எதிர் வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசி நின்றிருக்கிறீர்கள். தேர்வில் கேட்பதெல்லாம் அதேதான். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தேர்வோடு சேர்க்காமல் தனியாக ஒரு புத்தகத்தை மனப்பாடம் செய்கிறீர்கள், சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

போனில் எல்லாம் சரியாக வருகிறது, அறையில் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் பார்க்கலாம். ஒரே கேள்வித் தொகுப்பைத் திரும்பத் திரும்பப் போடும்போது நமக்கு விஷயம் பழகுவதில்லை, கேள்வியின் முகம் பழகிவிடுகிறது. முதல் நான்கு வார்த்தையைப் பார்த்ததும் "ஆ, இதுக்கு மூணாவது விடை" என்று விரல் போய்விடும். அறையில் அதே விஷயத்தை வேறு வாக்கியத்தில் கேட்பார்கள், அல்லது "எது சரி" என்பதை "எது தவறு" என்று மாற்றிக் கேட்பார்கள், அவ்வளவுதான், பிடி நழுவிவிடும். கையேட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதிலும் இதே ஏமாற்றம்தான். 2006-ல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பத்தியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். படித்த உடனே வருகிற அந்தத் தைரியத்தை நம்ப முடியாது.

அதனால் மாதிரித் தேர்வை விடவேண்டாம், போடுகிற விதத்தை மாற்றுங்கள். கேள்வியைப் படித்ததும் கீழே உள்ள நான்கு விடைகளையும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த வார்த்தையில் பதிலைச் சத்தமாகச் சொல்லுங்கள், "ஏன்னா" என்று தொடங்கி ஒரு காரணமும் சொல்லுங்கள். அப்புறம் கையை எடுத்துப் பாருங்கள். காரணம் சொல்ல முடியாத கேள்வி எதுவாக இருந்தாலும், விடை சரியாகவே வந்திருந்தாலும், அது உங்களுக்கு இன்னும் தெரியாத கேள்வி. அதை ஒரு நோட்டில் குறித்துவைத்து இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் நிறையத் தப்பும், மனசு விட்டுப் போகும், பரவாயில்லை. தப்பு வீட்டிலேயே வெளியே வந்துவிடுவது நல்லது.

காரணம் என்றதும் பயந்துவிடாதீர்கள். பக்கம் பக்கமாக விதிகள் இருந்தாலும் அவற்றுக்குக் கீழே பெரும்பாலும் மூன்றே விஷயங்கள்தான் ஓடுகின்றன. ஓடுகிற வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. ஓட்டுகிறவரால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. நாம் இப்படித்தான் செய்வோம் என்று மற்றவர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த விதியை எடுத்தாலும் இந்த மூன்றில் எதிலிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

முதலாவதை நன்றாகப் பிடித்துக்கொண்டால் நீங்கள் தடுமாறும் தூரம், வேகம் கேள்விகளில் பாதிக்கு மேல் அதிலேயே அடங்கிவிடும். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை 3.6-ஆல் வகுத்தால் ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர் போகிறோம் என்று வரும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர், 54 என்றால் 15, 72 என்றால் 20. 54-ல் போகும்போது போனை இரண்டு நொடி பார்த்தால் 30 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு போனதாகத்தான் அர்த்தம். ஓட்டும்போது போனைத் தொடாதே என்று ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. முன்னால் போகும் வண்டியிலிருந்து குறைந்தது இரண்டு நொடி இடைவெளி என்கிற விதியும் இதே கணக்குதான்: 72-ல் அது 40 மீட்டர். முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து எண்ண ஆரம்பித்து, இரண்டு நொடி ஆவதற்குள் நாமும் அதே கம்பத்துக்கு வந்துவிட்டால் ரொம்ப ஒட்டிப் போகிறோம் என்று பொருள். மழையில் இந்த இடைவெளியை இரண்டு மடங்காக்க வேண்டும், டயர் ஈரத்தில் சரியாகப் பிடிக்காது. மூன்று, நான்கு நொடி விடச் சொல்கிற கையேடுகளும் உண்டு, உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ தேர்வில் அதையே எழுதுங்கள்.

நிற்பதற்கான தூரத்தில் இரண்டு பகுதி. ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகும்வரை வண்டி அதே வேகத்தில் ஓடுகிற தூரம் ஒன்று, பிரேக் பிடித்தபின் ஓடுகிற தூரம் இன்னொன்று. வேகம் இரட்டிப்பானால் முதலாவது இரண்டு மடங்காகும், இரண்டாவது நான்கு மடங்காகும். பிரிட்டனின் ஓட்டுநர் கையேட்டில் இருக்கும் எண்களையே பாருங்கள்: மணிக்கு 30 மைலில், அதாவது சுமார் 48 கிலோமீட்டரில், 9 மீட்டரும் 14 மீட்டரும் சேர்ந்து 23. 60 மைலில் 18-ம் 55-ம் சேர்ந்து 73. ஒன்பது பதினெட்டாகிறது, பதினான்கு ஐம்பத்தைந்தாகிறது. இந்தத் தொடர்பு புரிந்துவிட்டால் எண் மறந்துபோனாலும் நான்கு விடைகளில் எது நடக்க முடியாதது என்று தள்ளிவிடலாம். களைப்பு, மது, பேச்சு எல்லாம் முதல் பகுதியை நீட்டுகின்றன. ஈரச் சாலை, தேய்ந்த டயர், அதிகப் பாரம், இறக்கம் எல்லாம் இரண்டாவதை நீட்டுகின்றன. இதில் எதைக் கேட்டாலும் இனி நீங்கள் யோசித்தே சொல்லலாம். லெவல் கிராசிங்கில் மறுபக்கம் வண்டி நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தண்டவாளத்தில் ஏற வேண்டும் என்பதும் இதே வகைதான். ரயில் நமக்காக நிற்க முடியாது.

மதுவைப் பற்றி ஒரு கேள்வி அநேகமாக வரும். அளவு நாட்டுக்கு நாடு மாறும், இந்தியாவில் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80, ஐரோப்பாவின் பல நாடுகளில் 50, புதிதாக ஓட்டுகிறவர்களுக்குப் பூஜ்யம் என்று வைத்திருக்கும் இடங்களும் உண்டு. எங்கே கேட்டாலும் மாறாத பதில் ஒன்று இருக்கிறது. காபி, குளியல், வெளிக்காற்று எதுவும் போதையைக் குறைக்காது, நேரம் மட்டுமே குறைக்கும். சில மாத்திரைகளும் தூக்கத்தை உண்டாக்கும் என்பதால் அதையும் கேட்பார்கள்.

அடுத்து, பார்க்க முடியாமை. வளைவிலும் மேட்டு உச்சியிலும் ஓவர்டேக் செய்யக்கூடாது, ஏனென்றால் எதிரே வருவது தெரியாது. கடப்பதற்காகப் போட்ட வெள்ளைப் பட்டைகளுக்கு அருகில் வண்டியை நிறுத்தக்கூடாது, ஏனென்றால் கடக்க வரும் குழந்தை நம் வண்டிக்குப் பின்னால் மறைந்துவிடும். பட்டைக்காக நின்ற வண்டியைத் தாண்டிப் போகக்கூடாது என்பதும் அதே காரணம்தான், இதை மறந்து நடக்கிற விபத்துகள் கொடூரமானவை, தயவுசெய்து இதைத் தேர்வு முடிந்தபின்னும் மறக்காதீர்கள். மூடுபனியில் தூரத்துக்கு அடிக்கும் ஹைபீம் விளக்கைப் போட்டால் நன்றாகத் தெரியும் என்று நிறையப் பேர் விடை எழுதுகிறார்கள். பனித்துளிகள் அந்த வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பி அடிக்கும், கீழ்நோக்கி அடிக்கும் லோபீம்தான் போட வேண்டும். லாரியின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அந்த ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவில்லை. லேன் மாறும்முன் கண்ணாடியைப் பார்த்தால் போதாது, தோளுக்கு மேலாகத் திரும்பியும் பார்க்க வேண்டும், கண்ணாடியில் விழாத பகுதி என்று ஒன்று எல்லா வண்டியிலும் உண்டு.

இப்போது உங்களுக்கு மிகவும் கஷ்டமான பகுதி, யார் முதலில். இதைத்தான் மூன்றாவது காரணத்தோடு படிக்க வேண்டும். முதலில் போகும் உரிமை என்று நினைக்காமல், "இந்த இடத்தில் யார் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் போய்விடும். சட்டம் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. எதிர் வண்டிகளின் பாதையை வெட்டித் திரும்புகிறவர் நேராக வருகிறவருக்கு விட வேண்டும், நேராக வருகிறவர் நாம் குறுக்கே வருவோம் என்று எதிர்பார்க்கமாட்டார். வீட்டு வாசலிலிருந்தும் பார்க்கிங்கிலிருந்தும் சாலைக்குள் நுழைகிறவர் ஏற்கெனவே சாலையில் இருப்பவருக்கு விட வேண்டும். பொதுவாக, தன் போக்கை மாற்றுகிறவரும் புதிதாக நுழைகிறவரும் காத்திருக்க வேண்டும், தன் போக்கில் வந்துகொண்டிருப்பவர் தொடர்கிறார். எந்தச் சந்திப்புப் படம் கொடுத்தாலும் முதலில் இதைக் கேளுங்கள், விடை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

ரவுண்டானாவும் அப்படியே. உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழி விட்டபின்தான் நுழைய வேண்டும். வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாடுகளில் அவர் நமக்கு வலப்பக்கத்திலிருந்து வருவார், வலப்பக்கம் ஓடும் நாடுகளில் இடப்பக்கத்திலிருந்து வருவார், இதைத் தனியாக மனப்பாடம் செய்யவே வேண்டாம், படத்தில் வட்டத்துக்குள் யார் என்று பார்த்தால் போதும். இந்த விதி ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை. நுழைகிறவர்களை எல்லாம் உள்ளே விட்டால் வெளியேற வழியில்லாமல் வட்டமே அடைத்துக்கொள்ளும் என்று பட்டறிந்துதான் பிரிட்டனில் 1966-ல் இப்படி விதித்தார்கள், அதன் பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

சிக்னலோ பலகையோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு விட வேண்டும் என்பது பல நாடுகளில் விதி, ஆனால் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. இது ஒன்றை மட்டும் உங்கள் கையேட்டில் பார்த்து மனப்பாடமே செய்துவிடுங்கள். நடந்து கடப்பவர், வெள்ளைக் கோல் வைத்திருப்பவர், சைரன் போட்டு வரும் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், விட்டுக்கொடுங்கள். உங்களுக்கே உரிமை இருக்கிற இடத்திலும் எதிரே இருப்பவர் விடாமல் வந்தால் நீங்கள் நிற்பதுதான் சரியான விடை.

மஞ்சள் விளக்கில் நிறையப் பேர் மதிப்பெண் விடுகிறார்கள். சீக்கிரம் போ என்று அதற்கு அர்த்தம் இல்லை. நிறுத்த வேண்டும், திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்கிற அளவுக்கு நெருங்கிவிட்டால் மட்டும் கடந்து போகலாம். நிற்பதற்கான தூரம் இங்கேயும் வந்துவிட்டது பார்த்தீர்களா, ஏற்கெனவே படித்ததே போதும்.

காரணம் தெரிந்தால் என்ன லாபம் என்பதற்கு ஒரே ஒரு கேள்வியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். சரிவான சாலையில் வண்டியை நிறுத்தினால் முன் சக்கரங்களை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும்? விளிம்புக்கல் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று, ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று என்று மனப்பாடம் செய்கிறவர்கள் எல்லோரும் இதில் குழம்புவார்கள். பிரேக் விட்டுப்போனால் வண்டி எந்தப் பக்கம் உருளும் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். உருண்டு போய் சாலை நடுவுக்கு வரக்கூடாது, ஓரத்தில் முட்டி நிற்க வேண்டும். இறக்கத்தில் முன்னால் உருளும், ஆகவே ஓரத்தைப் பார்த்துத் திருப்பு. ஏற்றத்தில் பின்னால் உருளும், விளிம்புக்கல் இருந்தால் சக்கரத்தின் பின்பக்கம் கல்லில் முட்டும்படி சாலைப் பக்கம் திருப்பு. ஏற்றமோ இறக்கமோ, கல்லே இல்லாவிட்டால் வண்டி சாலையை விட்டு விலகிப் போகட்டும் என்று ஓரத்துப் பக்கமே திருப்பு. ஒரு பொம்மைக் காரை மேஜையில் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடும், பிறகு மறக்காது. பயணத்தின்போது டயர் வெடித்தால் என்ன செய்வது, ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) உள்ள வண்டியில் எப்படிப் பிரேக் பிடிப்பது போன்றவற்றையும் இப்படியே காரணத்தோடு படியுங்கள். டயர் வெடித்தால் பிரேக்கை அழுத்தாமல் ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து வேகம் தானாகக் குறைய விடுவது, ஏபிஎஸ்ஸில் விட்டு விட்டு மிதிக்காமல் முழுசாக அழுத்தியே பிடித்திருப்பது.

பலகைகள் உங்களுக்குப் பரவாயில்லை என்றதால் அதிகம் சொல்லவில்லை. வடிவத்தைக் கவனியுங்கள். பல நாடுகளில் சிவப்பு விளிம்பு வட்டம் தடை, நீல வட்டம் கட்டாயம், நிமிர்ந்த முக்கோணம் எச்சரிக்கை, தலைகீழ் முக்கோணம் வழி விடு. வட அமெரிக்காவில் எச்சரிக்கைக்கு மஞ்சள் வைர வடிவம். நில் பலகைக்கு மட்டும் எட்டு மூலை. பின்பக்கமிருந்து பார்க்கிறவருக்கும், அதாவது குறுக்குச் சாலையில் வருகிறவருக்கும், "அவர் நிற்க வேண்டியவர்" என்று அந்த வடிவத்தை வைத்தே தெரிந்துவிடும். 1923-ல் அமெரிக்காவில் வந்த வடிவம் இது, சிவப்பு நிறம் 1954-ல்தான் வந்தது. நீல வட்டத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோடு இருந்தால் பார்க்கிங் கூடாது, ஆள் இறக்கிவிட ஒரு கணம் நிற்கலாம். பெருக்கல் குறி போல இரண்டு கோடு இருந்தால் அதுவும் கூடாது. இந்த இரண்டையும் மாற்றி எழுதாதவர்கள் குறைவு.

காரணமே சொல்ல முடியாத சில எண்கள் மிஞ்சும்: உங்கள் பகுதியில் பள்ளி அருகே வேக வரம்பு, தீயணைப்புக் குழாயிலிருந்தும் சந்திப்பிலிருந்தும் எத்தனை மீட்டர் தள்ளி நிறுத்துவது, விபத்து நடந்தால் எவ்வளவு நேரத்தில் தெரிவிப்பது, தவறு செய்தால் உரிமத்தில் ஏறும் தண்டப் புள்ளிகள். இவற்றுக்கு மட்டும் மனப்பாடம்தான். ஒரே தாளில் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள், அச்சடித்ததை ஒட்டாதீர்கள், தினமும் ஒரு முறை வெற்றுத் தாளில் பார்க்காமல் திரும்ப எழுதிப் பாருங்கள். மனப்பாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான் என்று தெரிந்தாலே மனசு லேசாகிவிடும்.

கேள்வியைப் படிக்கிற விதத்துக்கு வருவோம். "எது தவறு", "எதைத் தவிர", "எப்போதும்", "மட்டும்" ஆகிய சொற்கள் எங்கே வந்தாலும் விரலை வைத்து நிறுத்திப் படியுங்கள். ஹாரன் அடித்துவிட்டு முன்னேறு, வேகத்தைக் கூட்டிக் கடந்துவிடு என்கிற விடைகள் அநேகமாகத் தப்பு. வேகத்தைக் குறை, காத்திரு என்பவை அநேகமாகச் சரி. ஆனால் இதையே கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்ளாதீர்கள், அதற்கும் பொறி வைத்திருப்பார்கள்: அதிவேகச் சாலையில் சேரும் லேனில் நடுவில் நின்றுவிடுவது ஆபத்து, அங்கே வேகத்தைக் கூட்டி ஓட்டத்தோடு சேர்வதுதான் சரி. பின்னால் வருகிறவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று கேட்டால் அதுவும் புரியும். தேர்வு மொழியைத் தேர்ந்தெடுக்க முடிகிற இடமாக இருந்தால், எந்த மொழியில் எழுதப் போகிறீர்களோ அதே மொழிக் கையேட்டைப் படியுங்கள். ஒன்றில் படித்து மற்றொன்றில் எழுதுவது தெரிந்த விஷயத்திலும் தடுக்கிவிடும்.

உங்கள் தேர்வின் அமைப்பையும் ஒருமுறை சரியாகப் பாருங்கள், இடத்துக்கு இடம் ரொம்ப மாறுகிறது. இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. சிங்கப்பூரின் அடிப்படைத் தியரியில் 50-க்கு 45 வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் விதிகளுக்கு 20, பலகைகளுக்கு 20 என்று இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் 16 எடுக்க வேண்டும், மொத்தத்தில் நிறைய எடுத்திருந்தும் ஒரு பகுதியில் குறைந்தால் போச்சு. பிரிட்டனில் 50-க்கு 43, அதோடு வீடியோவில் ஆபத்தைக் கண்டுபிடிக்கும் பகுதி தனி. "சில மதிப்பெண்களில் போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பகுதியில், எந்த வகைக் கேள்வியில் போனது என்று முடிவுத் தாளில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் நினைவிருக்கும்போதே எழுதிவையுங்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

தேர்வுக்கு முன்பே ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டீர்கள். சாலையில் வேண்டவே வேண்டாம். உரிமம் இல்லாமல் ஓட்டுவது சட்டப்படி குற்றம், ஏதாவது நடந்தால் காப்பீடும் கைகொடுக்காது, யாருக்காவது அடிபட்டால் அந்தப் பாரத்தை நீங்கள் வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டிவரும். ஆனால் ஓட்டாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நிறுத்தி அணைத்து வைத்த காரில் ஓட்டுநர் சீட்டில் உட்காருங்கள், கண்ணாடிகளைச் சரிசெய்துகொள்ளுங்கள், மகனை வண்டியைச் சுற்றி மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவன் கண்ணாடிகளிலிருந்து காணாமல் போகிறான் என்று பாருங்கள், கையேட்டில் இதைப் பற்றி எழுதியிருக்கும் பக்கங்கள் அப்புறம் வேறு மாதிரி புரியும். அவனும் ஒருமுறை பார்ப்பது நல்லது, ஒரே வாரத்தில் பாஸ் செய்தவன் இல்லையா, அவனுக்கும் இது தேவைதான்.

யாராவது ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தாலோ பேருந்தில் முன் பக்கம் இடம் கிடைத்தாலோ, கண்ணில் படுவதை வாய்விட்டோ மனதுக்குள்ளோ சொல்லிக்கொண்டே வாருங்கள். "முன்னால் பள்ளிப் பலகை, வேகம் குறையணும். நிற்கிற வண்டிக்குப் பின்னாலிருந்து யாராவது வரலாம். சிக்னல் ரொம்ப நேரமாகப் பச்சையாக இருக்கு, மாறப்போகுது. இந்தச் சந்திப்பில் நாங்கள்தான் விடணும்." பயிற்சியாளர்கள் மாணவர்களைச் செய்யச் சொல்கிற பழைய பயிற்சி இது. மாதிரித் தேர்வை இன்னொரு முறை போடுவதை விட இதற்கு நேரம் கொடுப்பதையே நான் விரும்புவேன், முக்கியமாக யார் விட்டுக்கொடுப்பது என்கிற கேள்விகளுக்கு. ஓட்டுகிறவரின் கவனத்தை மட்டும் கலைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த தேதியை உடனே போடாதீர்கள். நோட்டில் குறித்த கேள்விகளுக்கு விடையை மறைத்துக்கொண்டு, காரணத்தோடு, இடையில் சில நாள் விட்டும் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள், இதுவரை தொடாத ஒரு புதிய கேள்வித் தொகுப்பிலும் தேவையான மதிப்பெண்ணுக்கு மேல் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் வந்தபின் தேதி போடுங்கள். முந்தின இரவு புதிதாக எதையும் படிக்காமல் தூங்குங்கள். சில இடங்களில் அன்றே கண் பரிசோதனையும் இருக்கும், கண்ணாடி போடுகிறவர் என்றால் மறக்காமல் எடுத்துப் போங்கள், அடையாள ஆவணங்களை முந்தின நாளே பையில் வைத்துவிடுங்கள். அறையில் முதல் கேள்வியே தெரியாததாக வந்தால் பதறாதீர்கள், தள்ளிவைத்துவிட்டுத் திரும்ப வர அனுமதி இருந்தால் தள்ளிவையுங்கள், ஒவ்வொரு கேள்விக்கும் தனி நேரம் என்றால் நடக்க முடியாத விடைகளை நீக்கிவிட்டு மிஞ்சியதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எழுதிய விடையைத் தெளிவான காரணம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

உரிமம் கிடைத்ததும் அதில் எழுதியிருக்கும் நிபந்தனைகளை முதலில் படியுங்கள்: பக்கத்தில் யார் உட்கார வேண்டும், எந்த நேரத்தில் எந்தச் சாலையில் ஓட்டலாம், எத்தனை நாள் செல்லும். இந்தியாவில் என்றால் ஆறு மாதம் செல்லும், முப்பது நாள் கழித்துத்தான் நிரந்தர உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியும். மற்ற இடங்களில் வேறு மாதிரி இருக்கும். முதல் பாடத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் உங்கள் பயிற்சியாளரிடம் காட்டுங்கள், எங்கே நீங்கள் தடுமாறுகிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்தால் அந்த மாதிரிச் சந்திப்புகளுக்கு முதலிலேயே கூட்டிப் போவார்.